கொலம்பியாவிலிருந்து விழுந்த ஹார்ட் டிஸ்க்

2003ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி காலையில், பதினாறு நாள் பிரயாணத்தை முடித்துக்கொண்டு ஃபுளோரிடாவில் இறங்குவதற்கு இன்னும் கால்மணி நேரமே எஞ்சியிருந்த சமயத்தில், கொலம்பியா என்னும் அமெரிக்க விண்வெளி ஓடம் டெக்ஸாஸ் மாகாணத்துக்கு மேலே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் உயரத்தில் துண்டு துண்டாகச் சிதறிப்போன செய்தியை நம் நாட்டார் மறந்திருக்கமாட்டார்கள். அதில் உயிர்நீத்த எழுவரில் ஒருவர் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா. புறப்பட்ட வேளையில் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்து விழுந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பைத் துளைத்துவிட, திரும்பி வருகையில் கொதிக்கும் வாயு அந்தத் துவாரத்தின் வழியே உள்ளே புகுந்ததுதான் விபத்துக்குக் காரணம் என்று விசாரணைக் குழு பின்னர் நிர்ணயித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் காடு மேடெல்லாம் நடந்து பொறுக்கிச் சேர்த்த சிதைவுகளுக்கிடையே, இஸ்ரேலிய வீரர் இலான் ராமோன் தம் கைப்பட எழுதிய நாட்குறிப்பின் தாள்கள் கிடைத்தன. பரிசோதனைக்காகக் கொண்டுபோன நுண்புழுக்கள் உயிரோடிருந்த குப்பிகளும் கிடைத்தன. அவையெல்லாம் தனித்தனியே எழுதத்தக்கவை. வற்றிப்போன ஓர் ஏரிப்படுகையில் அகப்பட்ட, உருகி ஒட்டிக்கொண்ட இரண்டு உலோகக் கட்டிகளைப்போல் தோன்றிய ஒரு பொருளே இக்கட்டுரைக்கு உரியது. அது ஒரு ஹார்ட் டிஸ்க்.

அது எதைச் சுமந்து சென்றது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். காற்றில் மிகச் சொற்பமாகக் கலந்துள்ள ஸெனான் என்னும் வாயு, 17 டிகிரி செல்சியஸுக்குச் சற்றே குறைந்த உஷ்ணத்தில், காற்றின் சாதாரண அழுத்தத்தைக் காட்டிலும் 58 மடங்கு அழுத்தத்தில், திரவம் என்றும் வாயு என்றும் பிரித்துச் சொல்ல இயலாத ஒரு சந்தி நிலையை அடைகிறது. சுவருக்கு அடிக்கும் பெயின்ட் டப்பாவில் குழம்பாக நின்று, பிரஷ் இழுக்கும் வேகத்தில் இளகிக்கொடுப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிக்கலான அமைப்புள்ள பதார்த்தங்களில் சகஜமாகக் காணப்படும் இந்தக் குணம், தனித்தனி அணுக்களாலான ஸெனானிலும் அந்தச் சந்தி நிலையில் தலைகாட்ட வேண்டும் என்று சித்தாந்தம் கூறியது. ஆனால் பூமியில் அதைச் சோதிக்கப் புகுந்தால், அந்நிலையில் ஸெனான் தன் சொந்த எடையாலேயே அடியில் அமுங்கிவிடுவதால், பாத்திரத்தின் மேல்பாகம் ஒரு நிலையிலும் கீழ்பாகம் வேறொரு நிலையிலும் இருந்துகொண்டு பரிசோதனையைக் கெடுத்துவிடும். ஆகவே எடை தோன்றாத இடத்துக்கே அதைக் கொண்டுபோய், மெல்லிய உலோக வலை ஒன்றை அதனுள் அசைத்து அளப்பதற்காக, அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் பெர்க், மைக்கேல் மோல்டோவர் முதலியோர் தங்கள் கருவியைக் கொலம்பியாவில் ஏற்றி அனுப்பினார்கள். அளவுகளில் ஒரு பகுதி பிரயாணத்தின்போதே ரேடியோ வழியாகப் பூமிக்கு வந்துவிட்டது. மிகுதி அந்த டிஸ்கில் இருந்தது.

டிஸ்க் எரிந்தால் அதிலுள்ள எழுத்தும் எரிந்துபோகுமா என்ற கேள்விக்கு விடை சொல்ல, எழுத்து அதில் எவ்விதம் குடிகொண்டிருக்கிறது என்று அறிய வேண்டும். அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ செய்து, முகம் பார்க்கும்படி மெருகிட்ட வட்டத் தட்டின்மேல், கோபால்ட் கலந்த உலோகப் பூச்சு ஒன்று படிந்திருக்கிறது. அதைக் காக்கக் கரிப் பூச்சு ஒன்று. அதற்கும் மேலே ஓரிரு மூலக்கூறு கனத்தில் ஓர் எண்ணெய்ப் படலம். கோபால்ட் பூச்சின் நுண்மணிகள் கூட்டங்கூட்டமாக ஒரு திசை நோக்கியோ அதற்கு எதிர்த்திசை நோக்கியோ காந்தமேறி நிற்பதுதான் எழுத்து. அப்படி நிற்பதற்கு மின்சாரம் தேவையில்லை, கம்ப்யூட்டரும் தேவையில்லை. டிஸ்கை இயக்கும் மின்சுற்றுப் பலகையாகிய போர்டு கருகினாலும் மோட்டார் இறுகினாலும், பூச்சை யாரும் சுரண்டாமலும், காந்த குணமே அழியும் அளவுக்குச் சூடேறாமலும் இருக்கும் வரையில் எழுத்துக்குக் குறைவில்லை. ஒவ்வொரு காந்தப் பொருளுக்கும் அத்தகைய வரம்பு உஷ்ணம் ஒன்றுண்டென்பதை 1895இல் பியேர் கியூரி விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். இரும்புக்கு அது 770 டிகிரி.

இவ்வகைச் சாதனத்தில் முதலாவதாகிய ராமாக் என்பதை ஐபிஎம் நிறுவனத்தார் 1956இல் வெளியிட்டபோது, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கி, ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள பெட்டியாக அதை அமைத்திருந்தார்கள். அத்தனை தடபுடலுக்கும் அதில் கொண்டது 50 லட்சம் எழுத்துகளே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தை வைப்பதற்கே அந்த இடம் போதுமோ போதாதோ தெரியாது. இன்றைய டிஸ்கில் ஓர் அங்குல அகலத்துக்குள் லட்சக்கணக்கான தடங்கள் ஒன்றையொன்று சுற்றி அமைந்திருக்கின்றன. மேஜைக் கம்ப்யூட்டரில் உள்ள தட்டு நிமிஷத்துக்கு 7200 தடவை சுழலுகையில் அதன் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டம் எழுப்பும் காற்றின்மேல் மிதந்தபடி, தட்டைத் தொடாமல், ஆனால் சில நானோமீட்டருக்கு மேல் விலகாமலும், ஹெட் என்னும் படிக்கும் முனை நின்று தன் காரியத்தைச் செய்கிறது. தலைமயிரின் கனம் சுமார் 80,000 நானோமீட்டர் என்று சொன்னால், சிகரெட் புகையின் ஒரு துகளும் விரல் ரேகையின் எண்ணெய்ப் பிசுக்கும் அந்த இடைவெளியில் எத்தகைய விபரீதங்கள் என்பது விளங்கும். பலவீனமான அந்தக் காந்தத்தை ஹெட் உணர்வதற்கு உதவிய பௌதிக உண்மை, ஆல்பெர்ட் ஃபெர்ட், பீட்டர் குருன்பெர்க் ஆகிய இருவரும் 1988இல் தனித்தனியே கண்டறிந்தது. அதற்காக 2007இல் நோபல் பரிசு பெற்றார்கள். மின்சாரம் திடீரென்று நின்றுவிட்டால், சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் மிச்ச வேகத்தைக்கொண்டே மோட்டாரை ஒரு ஜெனரேட்டராக மாற்றி, அதில் பிறக்கும் சொற்ப மின்சாரத்தால் ஹெட்டைப் பத்திரமான இடத்துக்கு இழுத்து நிறுத்தும்படியும் ஓர் ஏற்பாடு உண்டு. இந்த ஒரு யுக்திக்காகவே அதை அமைத்தவர்களுக்குக் கும்பிடு போடலாம்.

ஏரிப்படுகையில் கிடைத்த டிஸ்க், மின்னஸோட்டா மாகாணத்தில் தகவல் மீட்பையே தொழிலாகக் கொண்ட கிரால் ஆன்ட்ராக் என்னும் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. போர்டு அடையாளம் தெரியாமல் கருகியிருந்தது. அதில் பொருத்திய சில்லுகள் எல்லாம் உதிர்ந்துபோயிருந்தன. பிளாஸ்டிக் என்று பெயர் பெற்றதெல்லாம் உருகிவிட்டது. தூசு புகாமல் காக்கும் மூடியின் அடைப்பும் உருகிப்போனதால் மண்ணும் குப்பையும் உள்ளே நுழைந்து தட்டுகளைச் சில இடங்களில் குழி பறித்திருந்தன. பொறியாளர்கள் தட்டுகளைக் கழற்றி, ரசாயனத் திரவத்தால் கழுவி, புதிதாக அமைத்த மற்றொரு டிஸ்கின் உடலில் பொருத்திப் படித்தபோது, அதிலிருந்த தகவல்களில் 99 சதவீதம் இரண்டே நாட்களில் வெளிவந்தது. பெர்க் முதலியோர் அவற்றை ஆராய்ந்து, ஸெனான் சித்தாந்தம் சொன்னபடியே இளகுவதை 2008இல் ஃபிஸிகல் ரெவ்யூ என்னும் பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. குழி விழுந்த இடங்கள் எழுத்தில்லாத இடங்களாக அமைந்தது அதிர்ஷ்டந்தான். ஆனால் எழுத்தில்லாத இடம் அத்தனை பெரிதாக, அத்தனை தெளிவாக ஒதுங்கியிருந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் கருவியின் கம்ப்யூட்டர் டாஸ் என்னும் பழைய முறையில் இயங்கியது. டிஸ்கும் பாதிதான் நிரம்பியிருந்தது. பிற்கால முறைகள் ஒரு ஃபைலை இங்கொரு துண்டும் அங்கொரு துண்டுமாக எங்கெங்கே இடமிருக்கிறதோ அங்கெல்லாம் தூவுவதற்குத் தயங்குவதில்லை. டாஸோ, வந்ததை வந்த வரிசையில் பக்கம் பக்கமாக அடுக்கிக்கொண்டு போயிற்று. பழைமையென்று கம்ப்யூட்டர்க்காரர்கள் கைவிட்ட ஒரு வழக்கம், அக்கினிப் பரீட்சையில் துணைக்கு வந்தது. கொலம்பியாவின் இன்னும் இரண்டு டிஸ்குகளும் அதே நிபுணர்களின் கைக்கு வந்தன. அவற்றிலிருந்து ஓர் எழுத்தும் பெயரவில்லை.

நம்மில் பலருக்கு நேர்வது இத்தகைய கோர விபத்தல்ல. தவறுதலாக டெலீட் பொத்தானை அழுத்திவிட்டு விழிப்பதுதான். அப்போது உண்மையில் நடப்பது என்ன? கிராமத்து அடங்கல் புத்தகத்தில் ஒரு சர்வே எண்ணுக்கு நேரே இருந்த பட்டாதாரர் பெயரை அடித்துவிட்டால், வயலில் நிற்கும் பயிர் அக்கணமே மறைந்துவிடுவதில்லை. இது தரிசு, வேண்டுகிறவர் உழுதுகொள்ளலாம் என்று கணக்கில் ஏறுகிறது, அவ்வளவே. டிஸ்கிலும் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. டாஸ் முறையில் ஒரு ஃபைலை நீக்கினால், அக்கணக்கில் அதன் பெயரின் முதல் எழுத்துக்குப் பதிலாக ஒரு குறி விழுகிறது; ஃபைலின் அடுத்தடுத்த பகுதிகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று காட்டும் சங்கிலியும் அழிக்கப்படுகிறது; ஃபைலின் உடலை யாரும் தீண்டுவதில்லை. தொடக்கம் எங்கே, நீளம் எவ்வளவு என்ற இரண்டு விவரங்களும் கணக்கில் எஞ்சியிருப்பதால், ஃபைல் ஒரே இடத்தில் தொடர்ந்து இருக்குமானால் அப்படியே எடுத்துவிடலாம். சிதறிக் கிடந்தால் சங்கிலி இல்லாத குறை அப்போதுதான் தெரியும்.

கணக்கே முழுவதும் பாழானாலும் வழி அடைபட்டுவிடுவதில்லை. ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் தலைப்பில் ஒரு முத்திரை உண்டு: ஜேபெக் புகைப்படம் என்றால், பதினாறடிமான எண்முறையில் எஃப்எஃப், டி8 என்ற இரண்டு பைட்டுகளுடன் தொடங்கும், பிடிஎஃப் என்றால் சதவீதக் குறியும் அந்த மூன்று ஆங்கில எழுத்துகளும் வெளிப்படையாகவே நிற்கும், ஜிப் ஃபைல் பி, கே என்று தொடங்குவது அம்முறையை வகுத்த பில் காட்ஸ் தம் பெயரின் முதலெழுத்துகளை அதில் பதித்துவிட்ட காரணத்தால். இன்றைய வேர்டு கடிதங்களும் உள்ளே ஜிப்பாகவே இருப்பதால், பாட்டனார் சொத்து விவகாரம் பற்றி நாம் எழுதிய கடிதத்தின் தலையிலும் அந்த அமெரிக்கரின் இனிஷியல் இருக்கிறது. மீட்கும் மென்பொருள் டிஸ்கை ஆதியோடந்தமாகப் படித்து, இந்த முத்திரைகளைக் கண்ட இடத்திலெல்லாம் ஒரு ஃபைலை வெட்டி எடுக்கிறது. இதில் ஒரு சங்கடம் உண்டு. பெயரும் ஃபோல்டரும் கணக்கில்தான் இருந்தன, ஃபைலின் உடலில் இல்லை. ஆகவே மீட்டுக் கொடுத்த புதிய ஃபோல்டரைத் திறந்தால், பெயரற்ற எண்களாகப் பல்லாயிரம் படங்கள் இருக்கும். பேத்தியின் காதுகுத்துப் படத்துக்கு முன்னும் பின்னும், எப்போதோ பார்த்த இணையதளங்களின் பொத்தான்களும் விளம்பரச் சின்னங்களும் வரிசைகட்டி நிற்கும். அவற்றைப் பிரித்தெடுக்கும் பொறுமைக்கு மென்பொருள் கிடையாது.

தரிசென்று எழுதிய நிலத்தை வேறொருவர் உழுதுவிட்டால் மாத்திரம் கதை முடிந்தது. அதனால்தான் இத்துறையினர், ஃபைல் போயிற்று என்று தெரிந்த மறுகணமே அந்த டிஸ்கில் எதையும் எழுதாதீர்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டரைச் சும்மா ஓடவிடுவதுகூட எழுதுவதுதான். விண்டோஸ் தன் சொந்தக் காரியங்களுக்காக இடைவிடாது எதையாவது குறித்துக்கொண்டிருக்கும். மீட்கும் மென்பொருளையே பதறியடித்து அதே டிஸ்கில் இறக்கி வைத்து, எதை மீட்க வேண்டுமோ அதன்மேலேயே அதைப் போர்த்திவிடுகிறவர்கள் ஏராளம். ஒரு தடவை மேலே எழுதப்பட்டதை காந்தவிசை நுண்காட்டிகளால் தோண்டி எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை, பீட்டர் குட்மன் 1996இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பரவி, 35 தடவை மேலெழுதினால்தான் தகவல் அழியும் என்ற ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அவர் எழுதியது அக்காலத்துப் பலவகை டிஸ்குகளை மனத்தில் கொண்டு. தடங்கள் இத்தனை நெருங்கிவிட்ட இன்றைய டிஸ்கில் ஒரே தடவை முழுவதுமாக மேலெழுதினால் போதும், மீட்பதற்கு மார்க்கமில்லை.

இனி, உறுப்பே பழுதான டிஸ்குகளைக் கவனிப்போம். கெட்டுப்போன டிஸ்க் சில வேளை ‘டிக், டிக்’ என்று ஒரே தாளத்தில் சப்தம் செய்யும். தட்டுகளில் தடம் தெரிவதற்காகத் தொழிற்சாலையிலேயே பதித்த வழிகாட்டிக் குறிகள் உண்டு. ஹெட் தட்டின்மேல் சென்று அக்குறிகளைத் தேடி, அதுவே பழுதானதாலோ பூச்சு சிதைந்ததாலோ ஒன்றும் புலப்படாமல், தொடங்கின இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடியும் புறப்படுகிறது. அந்தப் போக்குவரத்தின் ஓசைதான் நாம் கேட்பது. அப்போது செய்யத்தக்க காரியம் பிளக்கைப் பிடுங்குவது ஒன்றே. வளைந்த ஹெட் ஒன்று பூச்சில் உரசிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் எழுத்து தூளாக உதிர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். டிஸ்கைப் பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று கைவைத்தியம் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். குளிர்ந்த தட்டை வெளியே எடுத்தால் அதன்மேல் நீர் பனிக்கும். சில நானோமீட்டர் இடைவெளியில் பறக்கும் ஹெட்டுக்கு அந்தப் பனித்துளி மலை. இந்த வைத்தியம் எப்படி இத்தனை காலம் உயிரோடிருக்கிறது என்பது எனக்கு விளங்காத ஆச்சரியங்களில் ஒன்று.

மூடியைத் திறந்து பார்ப்பதும் வீட்டில் செய்யும் காரியமன்று. அதற்கென்று அமைத்த அறையில், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலுமான துகள்கள் நூறுக்கு மேல் இராதபடி வடிகட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நாம் உட்கார்ந்திருக்கும் அறையில் அதே அளவு காற்றில் அவை லட்சக்கணக்கில் மிதக்கின்றன. அங்கே உடல் மூடிய நிபுணர், பழுதான ஹெட்டுகளை அகற்றிவிட்டு, அதே மாடலைச் சேர்ந்த, கூடுமானவரை அதே காலத்தில் அதே தொழிற்சாலையில் பிறந்த வேறொரு நல்ல டிஸ்கின் ஹெட்டுகளைப் பொருத்துகிறார். ஹெட்டுகள் தட்டிலும் படக்கூடாது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடாது என்பதற்காக, அவற்றினிடையே சீப்புப் போன்ற ஒரு சிறு கருவியைச் செருகி நகர்த்துகிறார். போர்டு மாத்திரம் கருகியிருந்தால் வேலை சுலபம் என்று நினைக்கத் தோன்றும். பழைய நாட்களில் அப்படித்தான் இருந்தது. இப்போது ஒவ்வொரு டிஸ்கின் ஹெட்டுகளுக்கும் உரிய பிரத்தியேகத் திருத்தங்கள் போர்டில் உள்ள ஒரு சிறு சில்லில் எழுதப்பட்டிருப்பதால், அந்தச் சில்லை எள்முனை ஈயப்பற்றுகளிலிருந்து பெயர்த்துப் புதுப் போர்டில் பற்றவைத்தாலன்றி, ஒரே வார்ப்பாகத் தோன்றும் மாற்றுப் போர்டு தன் முன்னுள்ள தட்டை அந்நியனாகவே பார்க்கும்.

இரவல் ஹெட் நெடுநாள் உழைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஃபைலைத் தேடிக்கொண்டிராமல், டிஸ்க் முழுவதையும் எழுத்துக்கு எழுத்து வேறொரு நல்ல டிஸ்கில் பிரதி எடுப்பதே முதல் வேலை. அதிலும் ஒரு நீதி உண்டு: சுலபமாகப் படிக்க வருகிற பகுதிகளை முதலில் வாரிக்கொள்வது, முரண்டு பிடிக்கும் இடத்தை உடனே தாண்டிச் செல்வது, நல்லதெல்லாம் கைக்கு வந்தபின், தாண்டிய இடங்களுக்குத் திரும்பி வந்து சிறிது சிறிதாக முயல்வது. சாதாரணக் கம்ப்யூட்டர் இதற்கு நேர்மாறாக, படியாத ஒரே இடத்தில் நின்று மறுபடி மறுபடி முட்டிக்கொண்டு, ஹெட்டின் மிச்ச ஆயுளை அங்கேயே தொலைத்துவிடும்.

அரைகுறையாகப் படித்ததைச் செவ்வையாக்கும் வித்தையும் டிஸ்கினுள்ளேயே இருக்கிறது. 1940களின் இறுதியில் பெல் ஆராய்ச்சிசாலையில் ரிச்சர்ட் ஹாமிங் என்பவர், சனி ஞாயிறுகளில் தம் கணக்குகளைக் கணிப்பொறியில் போட்டுவிட்டுப் போவார். பொறி ஏதோ ஒரு பிழையைக் கண்டுகொண்டு, கண்காணிக்க ஆள் இல்லாததால் அந்தக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பிழை இருக்கிறதென்று கண்டுகொள்ளத் தெரிந்த பொறிக்கு, அது எந்த இடத்தில் இருக்கிறதென்று கண்டு திருத்திக்கொள்ளவும் ஏன் தெரியக்கூடாது என்ற அவருடைய எரிச்சலிலிருந்து பிறந்ததுதான் 1950இல் அவர் வெளியிட்ட பிழைதிருத்தும் குறிமுறை. 1960இல் ரீட், சாலமன் இருவரும் அதனினும் வலிமையான ஒன்றை வகுத்தார்கள். டிஸ்கில் ஒவ்வொரு பகுதிக்கும் பின்னால் இத்தகைய திருத்தக் குறிகள் சேர்ந்தே எழுதப்படுகின்றன. உண்மையில், நன்றாக ஓடிக்கொண்டிருப்பதாக நாம் நம்பும் டிஸ்கும் பிழையோடுதான் படித்து, திருத்தித்தான் நமக்குத் தருகிறது. படியவில்லை என்று அது வாய்விட்டுச் சொல்லும் இடம், திருத்தமும் எட்டாமற்போன இடம்.

அப்படி ஒரு தடவை சொல்லிவிட்டால் அதை அசட்டை செய்யலாகாது. கூகுள் நிறுவனத்தார் தங்கள் டிஸ்குகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவற்றைக் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மேற்பரப்பைச் சோதிக்கையில் முதற்பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் சாவதற்கு மற்ற டிஸ்குகளைக் காட்டிலும் 39 மடங்கு வாய்ப்புள்ளது என்று கண்டார்கள். ஆனால் செத்த டிஸ்குகளில் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமென்று கருதப்பட்ட நான்கு அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலே போய்விட்டன என்பதையும் அதே ஆராய்ச்சி சொல்லுகிறது.

இதுகாறும் சொன்னதெல்லாம் சுழலும் தட்டுக்கே பொருந்தும். இப்போது மடிக்கணினிகளில் வரும் எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, ஹெட்டும் இல்லை. மின்னேற்றத்தை அடைத்துவைத்த சிலிக்கன் அறைகளில் எழுத்து இருக்கிறது. அவ்வறைகளில் பழையதைத் துடைக்காமல் புதியதை எழுத முடியாது. துடைப்பதோ நேரம் பிடிக்கிற வேலை. அதனால் ஒரு ஃபைலை நீக்கியதும், இந்த இடம் இனி வேண்டாம் என்று கம்ப்யூட்டர் ‘டிரிம்’ என்ற கட்டளை ஒன்றை அனுப்பிவிட, உள்ளிருக்கும் சில்லு ஓய்ந்த வேளை பார்த்து அந்த இடத்தை மெய்யாகவே துடைத்துவைக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, மின்சாரம் மாத்திரம் கொடுத்துச் சும்மா மேஜைமேல் வைத்திருந்தாலும் அந்தத் துடைப்பு நடந்துகொண்டிருக்கும். பல எஸ்.எஸ்.டி.களில் எழுத்து முழுவதையும் மறைகுறியாக்கியே பதிக்கிறார்கள். அதற்குரிய சாவி அந்தச் சில்லிடமே இருப்பதால், சில்லு கருகிவிட்டால் சிலிக்கன் அறைகளைப் பழுதின்றிப் பெயர்த்தெடுத்து ஒவ்வொன்றாகப் படித்தாலும் அர்த்தமற்ற எண்களே கிடைக்கும்.